குளிரைத் தூங்கிக் கடக்கும் வாழை

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பாட்டர்சி பூங்கா இருக்கிறது. 1864-இல் அதன் கண்காணிப்பாளர் ஜான் கிப்சன் அங்கே ஒரு வெப்பமண்டலத் தோட்டத்தை அமைத்து ஊர் மக்களுக்குத் திறந்துவிட்டார். மர உயரப் பெரணிகள், பனை வகைகள், அகன்ற இலைச் சேம்புகள், சில ஆண்டுகளில் அவற்றோடு எத்தியோப்பிய வாழைகள். நிலக்கரிப் புகை மண்டிய நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது வேறொரு உலகம். கிப்சன் வெறுமனே குழி தோண்டிச் செடி வைத்துவிடவில்லை. குளிர்காற்றைத் தடுக்க மண்மேடுகளை எழுப்பினார். பாத்திகளுக்கு அடியில் செங்கல் உடைசல்களைப் பரப்பித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டார். ஜூன் மாதம் கண்ணாடி வீட்டிலிருந்து வெளியே வந்த செடிகள், அக்டோபருக்குள் திரும்ப உள்ளே போயாக வேண்டும். நான்கு மாதம் கண்ணுக்கு விருந்து. மீதி எட்டு மாதம் யாரோ ஒருவர் அவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த எட்டு மாதங்களைப் பற்றியது.

கிப்சன் தொழில் கற்ற இடம் சாட்ஸ்வொர்த். டெவன்ஷயர் கோமகனின் அந்த மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் தலைமைத் தோட்டக்காரர். 1835-இல் இளைஞர் கிப்சனைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கும், இன்றைய மேகாலயாவிலுள்ள காசி மலைகளுக்கும் ஆர்க்கிட் சேகரிக்க அனுப்பியவர்கள் இவர்கள்தாம். அதே ஆண்டு நவம்பரில், மொரீஷியஸிலிருந்து வந்த வம்சத்தைச் சேர்ந்த ஒரு குள்ள வாழை பாக்ஸ்டனின் கண்ணாடி வீட்டில் குலை தள்ளியது. கோமகனின் குடும்பப் பெயரான கேவண்டிஷ் அந்த வாழைக்கு வைக்கப்பட்டது. நம் ஊர்ப் பழக்கடைகளில் மோரிஸ் என்றும் ஜி-9 என்றும் தொங்குபவை அந்தக் கேவண்டிஷ் கூட்டத்தைச் சேர்ந்தவை.

பாக்ஸ்டன் குளிரை வென்ற வழி நெருப்பு. 1836-இல் அவர் கட்டத் தொடங்கிய பெரிய கண்ணாடி மாளிகை 84 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்டது. நிலத்தடியில் கொதிகலன்கள், அவற்றுக்குக் கரி கொண்டுசேர்க்கத் தோட்டத்தின் அழகு கெடாதபடி பூமிக்கடியில் ஒரு தள்ளுவண்டிப் பாதை. வெளியே பனி கொட்ட, உள்ளே வெந்நீர்க் குழாய்கள் வெப்பமண்டலத்தை நடத்திக்கொண்டிருந்தன. முதல் உலகப் போர் வந்தது. கரியும் இல்லை, கரி அள்ள ஆளும் இல்லை. செடிகள் மடிந்தன. 1920-இல் மாளிகையையே இடித்துவிட்டார்கள்.

செடிக்கு அதன் சொந்த நாட்டைக் கண்ணாடிக்குள் கட்டித்தருவது ஒரு வழி. அது எத்தனை ஆண்டு வெற்றி பெற்றாலும், அடுப்பு அணைந்த முதல் வாரத்தில் முடிந்துபோகும். இன்று குளிர்நாட்டு வீடுகளில் வாழை வளர்ப்பவர்கள் பின்பற்றுவது பெரும்பாலும் இன்னொரு வழி. செடியை வளரவிடாமல் நிறுத்தி, தூங்கவைத்து, குளிர்காலத்தைத் தாண்டச் செய்வது. கரி வேண்டாம், மின்சாரமும் கிட்டத்தட்ட வேண்டாம். ஆனால் வாழையின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாழையை வெட்டிப் பழகியவர்களுக்கு இது பாதி தெரிந்த செய்திதான். நாம் மரம் என்று சொல்லும் அந்தத் தூண் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலைமட்டைகள். சமையலுக்கு எடுக்கும் வாழைத்தண்டு, செடி பூக்கத் தயாரான பிறகுதான் அந்த மட்டைகளுக்கு நடுவே மேலேறுகிறது. அதற்கு முன்பு வெட்டிப் பார்த்தால் உள்ளே தண்டு கிடையாது. பட்டை, அதற்குள் பட்டை, நடுவில் சுருண்ட குருத்து, அவ்வளவுதான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அந்தக் கிழங்கின் உச்சியில், மண்மட்டத்தை ஒட்டி, சில மில்லிமீட்டர் அளவில் ஒரு வளர்நுனி. எல்லா இலைகளும் அங்கேதான் பிறந்து, மட்டைக் குழாயின் வழியே மேலே தள்ளப்பட்டு, உச்சியில் விரிகின்றன. நன்றாக வளரும் இளவாழையை இடுப்பளவில் வெட்டிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள். வெட்டுவாயின் நடுப்பகுதி மட்டும் விரற்கடை அளவுக்கு மேலேறி நிற்கும். கீழேயிருந்து ஒன்று அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் மூன்று மீட்டர் உயரச் செடியில் காப்பாற்றியே தீரவேண்டிய பொருள் ஒரு பயறு அளவுகூட இல்லை. இலைகள் போகலாம், வேர்கள் போகலாம், மட்டைகளில் வெளிச்சுற்றுகள் அழுகிப் போகலாம். நுனியும், அதற்குச் சோறு போடும் கிழங்கும் உயிரோடு இருந்தால் வாழை இருக்கிறது. குளிர்காலப் பராமரிப்பின் எல்லா நுட்பங்களும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

குளிர் வாழையை இரண்டு விதமாகத் தாக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல செடிகள் வீணாகப் போகின்றன. முதலாவது, உறைநிலைக்கு வெகு மேலேயே தொடங்கிவிடுகிறது. நாம் சாப்பிடும் வாழைகளில் சுமார் 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே புது இலை வருவது நின்றுவிடும். பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுப்பதும் இதே வகைக் காயம்தான். செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. வெப்பநாட்டுச் செடிகளின் சவ்வுக் கொழுப்பு, குளிர்ந்தால் நெகிழ்ச்சியை இழந்து இறுகிவிடுகிறது. அதில் பதிந்திருக்கும் புரதங்களின் வேலை தடுமாறுகிறது. கோதுமை போன்ற குளிர்நாட்டுப் பயிர்கள் இலையுதிர் காலத்திலேயே சவ்வின் கொழுப்பை மாற்றி அமைத்துக்கொள்ளும். வாழைக்கு அந்தப் பழக்கம் மிகக் குறைவு. இருந்தாலும் இந்தத் தாக்குதல் மெதுவானது. வளர்ச்சியை நிறுத்தும், வாட்டும், உடனே கொல்லாது.

இரண்டாவது தாக்குதல் பனிக்கட்டி. இலை உறையும்போது பனிப்படிகம் முதலில் செல்லுக்குள் உருவாவதில்லை. செல்களுக்கு இடைப்பட்ட வெளியில்தான் தொடங்குகிறது. சுத்தமான தண்ணீர் 0 டிகிரிக்குச் சில டிகிரி கீழே போனாலும் உறையாமல் இருக்கக்கூடியது. ஆனால் இலைப் பரப்பில் வாழும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியாவின் உடலில் ஒரு புரதம் உண்டு. அது தண்ணீர் மூலக்கூறுகளைப் பனியின் ஒழுங்கில் நிற்கவைத்து, மைனஸ் 2 டிகிரியிலேயே உறைதலைத் தொடங்கிவைக்கும். வெளியே உருவான பனி, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது. செல் சுருங்கி வற்றுகிறது, சவ்வு கிழிகிறது. காலையில் வெயில் பட்டுப் பனி உருகும்போது, கிழிந்த சவ்வுகளின் வழியே சாறெல்லாம் வெளியேறிவிடும். உறைபனிக்கு மறுநாள் வாழை இலை கொதிநீரில் போட்டெடுத்த கீரையைப் போலத் துவண்டு, கண்ணாடித்தன்மையோடு கரும்பச்சையாகத் தொங்கும். அது உண்மையில் குளிரால் மட்டும் அல்ல, தாகத்தாலும் செத்த இலை.

இதில் வாழைக்கு அதன் அகலமே பகையாகிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு வீசுகிறது. சிறிய இலை என்றால் சுற்றியுள்ள காற்று அதை உடனுக்குடன் சூடேற்றிவிடும். ஒரு மீட்டர் நீளப் பரப்புக்குக் காற்றின் உதவி அவ்வளவு எளிதில் வந்து சேராது. அதனால் வெப்பமானி 2 டிகிரி காட்டும் இரவிலும் வாழை இலையின் மேல்பரப்பு உறைநிலைக்குக் கீழே போய்விடலாம். பெரிய மரத்தின் நிழலில் நிற்கும் வாழை தப்பிக்கும். பத்தடி தள்ளித் திறந்தவெளியில் நிற்கும் அதன் தங்கை கருகிவிடும்.

குளிர்நாட்டில் மண்ணிலேயே விட்டு வைக்கக்கூடிய வாழை ஒன்று உண்டு. மூசா பாஷூ என்று பெயர். சீனாவைச் சேர்ந்தது. ஜப்பானில் வெகுகாலமாகத் தோட்டங்களில் வளர்ந்ததால் ஐரோப்பியர் அதை ஜப்பான் வாழை என்றே அழைத்தார்கள். இன்றைய டோக்கியோவான எடோ நகரின் ஃபுகாகவா பகுதியில் குடியேறிய ஒரு கவிஞருக்கு 1681-இல் சீடர் ஒருவர் இந்தக் கன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் வளர்ந்த அந்த வாழையின் பெயரையே அவர் சூடிக்கொண்டார். அவர்தான் ஹைக்கூவின் ஆசான் பாஷோ. உண்ணத்தக்க பழம் தராத வாழை அது. காற்று கிழிக்கும், உறைபனி இலைகளைக் கருக்கும், வசந்தத்தில் கிழங்கிலிருந்து புதுக் கன்றுகள் வரும். நம் வாழையடி வாழை வழக்கு அங்கும் நடக்கிறது. ஒரு நுனி செத்தாலும் பக்கத்தில் வேறு நுனிகள் காத்திருப்பதுதான் அதன் பலம். போதிய மூடாக்கு இருந்தால் அதன் கிழங்கு மைனஸ் 10 டிகிரியையும் தாண்டிய குளிரைத் தாங்கிப் பிழைக்கிறது.

கிழங்கு பிழைத்தால் போதாது, மட்டைத் தூணும் பிழைக்க வேண்டும் என்பதுதான் தோட்டக்காரர்களின் ஆசை. தூண் போய்விட்டால் அடுத்த கோடையில் செடி தரையிலிருந்து தொடங்க வேண்டும். தூண் இருந்தால் முதல் இலையே தலைக்கு மேல் விரியும். தென் இங்கிலாந்தின் நார்தியம் கிராமத்தில் கிரேட் டிக்ஸ்டர் என்ற தோட்டம் இருக்கிறது. புது டெல்லியைத் திட்டமிட்ட எட்வின் லட்யென்ஸ் வடிவமைத்த ரோஜாத் தோட்டம் ஒன்று அங்கே இருந்தது. 1993-இல் அதன் உரிமையாளர் கிறிஸ்டோபர் லாய்டும் தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டும் ரோஜாக்களைப் பிடுங்கிவிட்டு வாழையும் கன்னாவும் டாலியாவும் நட்டார்கள். ஆங்கிலத் தோட்ட உலகில் அது பெரிய சர்ச்சையானது. இன்றும் வெப்பமண்டலத் தோட்டம் போட விரும்பும் ஆங்கிலேயர் பலருக்கு அதுதான் பள்ளிக்கூடம். அங்கே மூசா பாஷூவின் தூணைச் சுற்றிக் காய்ந்த பெரணி இலைகளைப் பொதிந்து கட்டுவார்கள்.

பெரணியோ, வைக்கோலோ, உதிர்ந்த சருகோ, எதைப் பொதிந்தாலும் வேலை செய்வது அவற்றுக்கு இடையே சிறைப்பட்ட காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிகச் சோம்பல். தண்ணீர் அதைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு வேகமாகக் கடத்தும். பனிக்கட்டி இன்னும் மோசம். மழையில் ஊறிய வைக்கோல் பாதி வேலையைத்தான் செய்யும். ஊறி உறைந்த வைக்கோல் எதுவும் செய்யாது. இதனால்தான் பொதிவின் தலையில் ஒரு தகடோ ஓடோ வைத்து மழையைத் தடுக்கிறார்கள். பக்கங்களை மட்டும் கம்பி வலையோடு மூச்சுவிட விடுகிறார்கள். பொதிவு வெப்பத்தை உண்டாக்குவதும் இல்லை. கோடை முழுக்க மண் சேர்த்துவைத்த வெப்பம் குளிர்காலத்தில் மெல்ல மேலே கசிகிறது. பொதிவு அதைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கிறது. எனவே தூணைச் சுற்றி மட்டும் கட்டினால் போதாது, கிழங்கைச் சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்காவது தரையை மூட வேண்டும். பலர் தூணை அழகாகக் கட்டிவிட்டுத் தரையை மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னது கெட்டியான வாழையின் கதை. தோட்டக்காரர்களைத் தூங்கவிடாத வாழை வேறு. என்செட்டெ வென்ட்ரிகோசம். அதிலும் மௌரெலி என்ற செந்நிற வகை. மூன்று மீட்டர் நீள இலையின் நடு நரம்பு குங்குமச் சிவப்பு. இலைப்பரப்பில் கருஞ்சிவப்புச் சாயம். அடிமரம் யானைக்கால் பருமன். மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது அதைப் பார்த்தவர்கள் வாங்காமல் திரும்புவது கடினம். 1947-இல் தாவரவியலாளர் சீஸ்மன் இதையும் இதன் உறவுகளையும் மூசாவிலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக நிலைநிறுத்தினார். அந்தப் பிரிவின் காரணங்களில் ஒன்று தோட்டக்காரருக்கு நேரடியாக வலிக்கும்: என்செட்டெ பக்கக்கன்று விடாது. ஒரு கிழங்கு, ஒரு நுனி. அந்த நுனி உறைந்தால் வாரிசு இல்லாமல் வம்சம் முடிந்தது.

இதன் சொந்த ஊர் எத்தியோப்பிய மலைநாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி அங்கே இதைப் பார்த்து வரைந்து எழுதினார். 1850-களில் விதைகள் லண்டன் க்யூ தாவரத் தோட்டத்துக்கு வந்து முளைத்தன. ஐரோப்பாவுக்கு அது அலங்காரச் செடி. எத்தியோப்பியாவின் தெற்கிலும் தென்மேற்கிலும் குராகே, சிடாமா உள்ளிட்ட மக்களுக்கு அது சோறு. பழத்துக்காக அல்ல; அதில் கொட்டையும் நாரும்தான். கிழங்கையும் மட்டைகளின் உட்பகுதியையும் சுரண்டி, குழியில் இலை பரப்பிப் புதைத்துப் புளிக்கவைத்து, கொச்சோ என்ற ரொட்டி சுடுகிறார்கள். சுமார் 2 கோடிப் பேருக்கு இது உணவு. கடல்மட்டத்திலிருந்து 1,500 முதல் 3,000 மீட்டர் உயரம் வரை பயிராகிறது. பகலில் இதமான வெயில், இரவில் நடுக்கும் குளிர். எப்போதாவது உறைபனியும் உண்டு. அதாவது இந்தச் செடிக்குக் குளிர்ச்சி புதிதல்ல. மாதக்கணக்கில் நீளும் ஈரக்குளிரும் உறைநிலமும்தான் அதற்குத் தெரியாதவை.

அதனால் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். முதல் உறைபனிக்கு முன்பு, அல்லது லேசான முதல் பனி இலை விளிம்பைத் தொட்ட உடனே. டொராண்டோ வட்டாரத்தில் இது அக்டோபர் நடுவில். லண்டனில் நவம்பர் வரை தள்ளிப்போகலாம். நடுக்குருத்தையும் அதை ஒட்டிய ஓரிரு இளம் இலைகளையும் விட்டுவிட்டு மற்ற இலைகளை மட்டையோடு சேர்த்துக் கத்தியால் அரிய வேண்டும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கேயும் அதே கறைதான். அடிமரத்திலிருந்து முக்கால் அடி தள்ளிச் சுற்றிலும் மண்வெட்டியை இறக்கினால், ஆணிவேர் இல்லாத செடி சுலபமாகச் சாய்ந்துவிடும். வேரிலிருக்கும் மண்ணை உதறிவிட்டு, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சாய்த்து வைக்க வேண்டும். இது மிக முக்கியம். ஒவ்வொரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் நடுவே மழைநீர் தேங்கியிருக்கும். சாய்த்த சில நிமிடங்களிலேயே தரை நனைந்துவிடும். முழுதும் வடிந்து வெளிமட்டைகள் தோல்போல் சுருங்க, காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு வாரமாவது ஆகும்.

பிறகு இருட்டான, வறண்ட, குளிர்ச்சியான இடம். 5 முதல் 10 டிகிரி வரை. எதற்கு இந்த எல்லை? தூங்கும் செடியும் மூச்சு விடுகிறது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தை எரித்துத்தான் நுனியின் செல்கள் உயிரோடு இருக்கின்றன. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இந்த எரிப்பு ஏறத்தாழப் பாதியாகும். 25 டிகிரியில் ஒரு மாதத்துக்கு வரும் சேமிப்பு, 5 டிகிரியில் சுமார் நான்கு மாதத்துக்கு வரும். எல்லைக்குக் கீழே போனால் உறைவு நெருங்குகிறது. மேலே போனால் செடி விழித்துக்கொள்கிறது.

விழித்துக்கொள்வது நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் அன்பு செடியைக் கொல்கிறது. டிசம்பரில் லண்டனின் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. டொராண்டோவில் 9 மணி நேரம். அந்த வெளிச்சமும் ஜன்னல் கண்ணாடியில் வடிகட்டப்பட்டே உள்ளே வருகிறது. சூடேற்றிய கூடத்தின் 21 டிகிரியில் வைத்தால் செடி முழுவேகத்தில் மூச்சு விடும், புது இலை போடும். ஆனால் அந்த இலை சமைக்கும் உணவு அதன் செலவுக்கே போதாது. வெளிறிய, நீண்ட, மெலிந்த இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மௌரெலியின் சிவப்பு மங்கிப் பச்சையாகும். ஹீட்டரால் வறண்ட காற்றில் செஞ்சிலந்திப் பேன் பெருகும். பிப்ரவரிக்குள் கிழங்கு வற்றிவிடும். சக்திவாய்ந்த விளக்கும் ஈரப்பதமும் தர முடிந்தால் கூடத்தில் வளர்க்கலாம். இல்லையென்றால் குளிரும் இருளுமே கருணை. வெப்பமும் இருளும் சேர்ந்தால் பட்டினிதான்.

டொராண்டோவை ஒட்டிய ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளின் தமிழ் வீடுகளில் கோடையில் வாழையும் கறிவேப்பிலையும் கொல்லைப்புறத்தில் நிற்கும், குளிர்காலத்தில் வீட்டுக்குள் வந்துவிடும். அங்கே மண் 1.2 மீட்டர் ஆழம் வரை உறையக்கூடும் என்று கணக்கிட்டுத்தான் வீட்டின் அடித்தளத்தையே போடுகிறார்கள். கிழங்கை வெளியே விட்டுவைப்பது மூசா பாஷூவுக்கே சோதனை. ஆனால் அந்த ஊரின் பல வீடுகளில் வாசல் திண்ணைக்கு அடியில், பேஸ்மென்ட்டை ஒட்டி, கான்கிரீட்டால் ஆன கோல்ட் ரூம் ஒன்று உண்டு. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைக்கக் கட்டியது. ஹீட்டரின் சூடு அங்கே போகாது; நிலத்தின் மிதவெப்பம் அதை உறையவும் எளிதில் விடாது. என்செட்டெவைத் தூங்கவைக்க இதைவிடப் பொருத்தமான அறை கிடைக்காது. கறிவேப்பிலையை மட்டும் அங்கே கொண்டுபோகக் கூடாது. அது வெளிச்ச ஜன்னலுக்கு உரியது. கேவண்டிஷ் போன்ற உணவு வாழைகளின் கிழங்கையும் அங்கே வைக்கலாம், ஆனால் அவை சற்றுக் கூடுதல் வெப்பம் கேட்பவை. 10 டிகிரிக்குக் கீழே நீண்ட நாள் விடுவது ஆபத்து.

நடுங்க வைக்கும் இரவுகளுக்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. அறையில் ஒரு பீப்பாய்த் தண்ணீரை வைப்பது. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடும். கிலோவுக்கு 334 கிலோஜூல். 100 லிட்டரும் உறைந்தால் வெளியேறும் வெப்பம், 1,000 வாட் ஹீட்டரை 9 மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம். கிழங்கின் சாற்றில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் உறையும். எனவே பீப்பாய் முதலில் உறையும். அது உறைந்து முடியும்வரை அறையின் வெப்பம் அதற்குக் கீழே எளிதில் இறங்காது.

குளிரைச் சமாளித்த பிறகும் அழுகல் பாக்கி இருக்கிறது. என் கணிப்பில் குளிர்காலத்தில் சாகும் என்செட்டெகளில் பெரும்பாலானவை உறைந்து சாவதில்லை, அழுகிச் சாகின்றன. செல்லையும் செல்லையும் ஒட்டிவைக்கும் பெக்டினைக் கரைக்கும் பாக்டீரியாக்கள் ஈரமான மட்டை இடுக்கில் தொடங்கி உள்நோக்கி நகரும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இருட்டறைக்குப் போய் விரலால் அடிமரத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் நல்லது. நெகிழ்ந்து பழுப்பாகி, புளித்த நாற்றம் அடித்தால் அந்த மட்டையை உரித்தெறிந்து, வெள்ளையும் உறுதியுமான அடுத்த சுற்று வரும்வரை போகலாம். மட்டைகள் போனதற்காக வருந்த வேண்டாம். நடுக்குருத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பது கடைசிச் சோதனை. பிடி கொடுத்தால் நுனி உயிரோடு இருக்கிறது. கையோடு வழுக்கிக்கொண்டு வந்து, அடியில் கொழகொழவென்றிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஐந்து மாதம் மண்ணும் நீரும் வெளிச்சமும் இல்லாமல் ஒரு வாழை எப்படித் தாங்குகிறது? குளிரை எதிர்கொள்ள அது உருவாக்கிக்கொண்ட குணம் அல்ல அது என்றே நினைக்கிறேன். அது வறட்சியின் பாடம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை இடுக்குகளில் இதே பேரினத்தின் உறவு ஒன்று வளர்கிறது, என்செட்டெ சூப்பர்பம். மழை நின்று கோடை ஏறும்போது அதன் இலைகள் காய்ந்து தொங்கிவிடும். பாறையில் பருத்த அடிமரம் மட்டும் உட்கார்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழை தொட்டதும் குருத்து விரியும். எத்தியோப்பிய உறவுக்கும் மழை பொய்த்த காலங்களைச் சேமிப்பால் கடக்கும் திறன் உண்டு. பஞ்ச காலத்தில் அந்த மக்களைக் காத்ததும் அந்தச் சேமிப்புதான். குராகே உழவர்கள் வளரும் என்செட்டெவை வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நடுவதை அதன் வாழ்நாளில் பலமுறை செய்கிறார்கள். செடி அதைத் தாங்குகிறது. வறண்டால் தூங்கு, நனைந்தால் எழு. குளிர்நாட்டுத் தோட்டக்காரர் அக்டோபரில் செய்வது, செடிக்கு ஒரு பொய்க் கோடையை அறிவிப்பதுதான். வறட்சிக்கென்று அது வைத்திருக்கும் ஏற்பாடு பனிக்கும் உதவிவிடுகிறது. இருட்டறையில் இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றுபவர்கள் கலைப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

மார்ச்சிலோ ஏப்ரலிலோ தொட்டியில் நட்டு, 15 டிகிரிக்கு மேற்பட்ட வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய வேர்கள் காய்ந்திருக்கும். புதுவேர் வரும்வரை தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை. அதனால் முதலில் மண் லேசாக நனைந்தால் போதும். குருத்து அசைந்து முதல் இலை விரிந்த பிறகு தாராளமாக ஊற்றலாம். உறைபனி அபாயம் நீங்கிய பின் ஒரு வாரம் நிழலில் பழக்கி, வெயிலுக்கு அனுப்பலாம்.

இப்படி ஆண்டுதோறும் தூங்கி எழும் என்செட்டெ பூப்பதும் தள்ளிப்போகிறது. எத்தியோப்பியாவிலேயே குளிர்ந்த மேட்டுநிலத்தில் அது முதிர்வதற்குத் தாழ்வான இடங்களைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகப் பிடிக்கும். வாழ்க்கையில் ஒருமுறைதான் பூக்கும். பூத்துக் கொட்டை முற்றியதும் செத்துப்போகும். ஆண்டில் பாதியை இருட்டறையில் நிறுத்திவைப்பவர், செடியின் மரணத்தையும் சேர்த்தே ஒத்திப்போடுகிறார்.

என்றாவது ஒருநாள் பூக்கத்தான் போகிறது, கன்றும் விடாது என்றால் அதை எப்படிப் பெருக்குவது? எத்தியோப்பிய உழவர்கள் இதற்கு விடை கண்டு தலைமுறைகள் ஆகின்றன. இளஞ்செடியைத் தோண்டி, மட்டைகளைக் கிழங்கின் அருகே வெட்டி, அதன் நடுவிலுள்ள வளர்நுனியைக் கத்தியால் குடைந்து எடுத்துவிடுகிறார்கள். குளிர்நாட்டில் ஐந்து மாதம் பொத்திப் பாதுகாக்கும் அதே நுனியை. அந்த நுனி உயிரோடு இருக்கும்வரை ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியை அனுப்பி, கிழங்கில் புதைந்துகிடக்கும் மற்ற மொட்டுகளை அடக்கிவைத்திருந்தது. அது போனதும் அடக்குமுறை நீங்கிவிடுகிறது. குடைந்த கிழங்கை மண்ணில் புதைத்து எருவிட்டால், சில மாதங்களில் வெட்டின் விளிம்பைச் சுற்றிக் கன்றுகள் பத்துப் பத்தாகக் கிளம்புகின்றன; நல்ல கிழங்கென்றால் நூறுக்கும் மேலே. ஓராண்டில் பிரித்து நடலாம். மௌரெலி வளர்ப்பவர்களில் துணிந்த சிலர் தங்கள் பழைய கிழங்கொன்றில் இதைச் செய்து பார்க்கிறார்கள். அதற்கு ஏற்ற காலம், தூக்கம் கலைந்து மண் சூடேறிய மே மாதம்.